மேடைக்கு வந்த கல்லறைக் கழுத்தணி: கெய்ரோவில் நடந்த ஒரு மணிவேலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட ஓர் இசை நாடகத்துக்கான ஆடை அணிகள் கெய்ரோவில் தயாராகிக்கொண்டிருந்தன. கதைநாயகியாகப் பாடும் கலைஞர் அணிய வேண்டிய அகன்ற மணிக் கழுத்தணியைச் செய்யும் பொறுப்பு, கெய்ரோவின் பழைய சந்தையான கான் எல்-கலீலிக் கடைகளுக்குப் பல ஆண்டுகளாக மாலைகள் கோத்துக் கொடுத்துவந்த ஒரு கைவினைப் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாக இரண்டு இளம்பெண்கள் இருந்தனர். வடிவத்தை முடிவுசெய்யும் உரிமை நாடகக் குழுவின் ஆடை வடிவமைப்பாளருக்கு இருந்தது. அளவுகளையும் எடைகளையும் எழுதி வைக்கும் வேலை என்னுடையது. இந்த ஆய்வு அக்குறிப்புகளைக் கொண்டே எழுதப்படுகிறது.

எகிப்தின் பழைய அணிகளை மேடைக்குக் கொண்டுவரும் வழக்கம் கெய்ரோவுக்குப் புதிதன்று. 1871 டிசம்பர் 24 அன்று இந்நகரில் முதன்முதலாக அரங்கேறிய ‘ஐடா’ இசை நாடகத்துக்கான ஆடைகளை வடிவமைத்தவர் தொல்லியலாளர் ஒகூஸ்த் மரியத். பாரிஸில் தயாரான அந்த ஆடைகளும் காட்சிப் பொருள்களும் போர் முற்றுகையில் சிக்கிக்கொண்டதால் அரங்கேற்றமே தள்ளிப்போனது. அகழாய்வில் கிடைத்த பொருளை உடனே ஆடையாக்கிப் பார்க்கும் ஆசை அவ்வளவு பழையது.

உசேக் என்று எகிப்தியலாளர் குறிப்பிடும் அகன்ற கழுத்தணி, கழுத்தின் அடியில் தொடங்கி மார்பின் மேற்பகுதி முழுவதும் அரைவட்டமாகப் படர்வது. குழல் வடிவ மணிகள் நெடுக்காக நின்று வரிசை வரிசையாக அமைய, வெளி ஓரத்தில் இலை அல்லது துளி வடிவத் தொங்கல்கள் சேர்க்கப்படும். எல்லா இழைகளும் இரு தோள்களிலும் உள்ள முனைத் துண்டுகளுக்குள் நுழைந்து, ஒன்றாகச் சேர்ந்து, பிடரியில் கட்டப்படும். முனைத் துண்டுகள் வெறும் அரைவட்டமாகவும் இருக்கலாம், வல்லூறுத் தலையாகவும் இருக்கலாம். ஆண், பெண், தெய்வம் என்ற வேறுபாடின்றி எல்லோருடைய சிலைகளிலும் ஓவியங்களிலும் இது காணப்படுகிறது.

மாதிரியைத் தேர்ந்தெடுத்த விதம்

வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்தது, எகிப்தின் லிஷ்ட் என்னுமிடத்தில் செனெப்திசி என்ற பெண்ணின் கல்லறையில் கிடைத்து, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வல்லூறுத் தலைக் கழுத்தணி. ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கல்லறையை 1906–07 பருவத்தில் அதே அருங்காட்சியகத்தின் குழு அகழ்ந்தது. ஃபையான்ஸ் (பொடித்த குவார்ட்ஸைப் பிசைந்து சுட்டுச் செய்யும் பளபளப்பான பொருள்), சூதுபவளம், டர்க்காய்ஸ், பொன் ஆகியவற்றால் ஆன அந்த அணியின் ஒளிப்படங்கள் மிகத் தெளிவானவை. மேடையில் தூரத்திலிருந்து பார்ப்போருக்கும் வல்லூறுத் தலைகள் புலப்படும் என்பதும் வடிவமைப்பாளரின் கணக்கு. ஒளிப்படத்தின் அச்சுப்பிரதியும் பாடகியின் கழுத்துச் சுற்றளவும் மட்டுமே கைவினைஞரிடம் கொடுக்கப்பட்டன. அணியை எவ்வளவு நேரம் அணிய வேண்டும், அதை அணிந்தவர் என்னென்ன அசைவுகள் செய்வார் என்பவை அந்த ஒப்பந்தக் கடிதத்தில் இல்லை.

முதல் கழுத்தணியும் அதில் கண்டவையும்

முதல் அணியில் ஐந்து வரிசைகளாகக் கண்ணாடிக் குழல்மணிகள் வந்தன. முனைத் துண்டுகளான இரு வல்லூறுத் தலைகளும் பித்தளையில் வார்க்கப்பட்டன, தொங்கல்களும் பித்தளைதான். கோத்தது நைலான் நூலில். அணியின் அகலம் 14 செ.மீ. மேசையின் மேல் விரித்து வைத்துப் பார்த்தபோது அது ஒளிப்படத்துக்கு மிக நெருக்கமாகவே இருந்தது என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். வேலையில் எந்தக் குறையையும் அப்போது யாரும் காணவில்லை.

ஒத்திகையில் பாடகி அதை அணிந்தபின் நான்கு சிக்கல்கள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. அவர் தலைவணங்கும்போதெல்லாம் அணி முன்னோக்கிச் சரிந்தது. நிமிர்ந்த பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கட்டு நாடா பிடரியில் அழுந்திச் சிவந்த தடத்தை விட்டது. வெளி ஓரம் மார்போடு படியாமல் அலை அலையாக எழுந்து நின்றது. உயர்ந்த சுரத்துக்கு முன் ஆழமாக மூச்சை இழுக்கும்போது இரு முனைகளும் தோள்களைப் பிடித்து இழுப்பதாகப் பாடகி கூறினார். ஒரு பாடகிக்கு இது வெறும் அசௌகரியம் அன்று. தொழிலையே தடுக்கும் விஷயம்.

சில ஒத்திகைகளுக்குப் பிறகு, காட்சியின் நடுவில் இரண்டாம் வரிசையின் நூல் அறுந்து மணிகள் மேடையெங்கும் சிதறின. அந்த மேடையில் வெறுங்காலுடன் நடனமாடுவோரும் இருந்ததால் ஒத்திகை நிறுத்தப்பட்டது. அணியைத் திருத்துவதா, கைவிடுவதா என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது.

காரணங்களைத் தேடியபோது

கைவினைஞர் முதலில் அணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அது நல்ல யோசனையாக அமைந்தது. மொத்த எடை 640 கிராம். அதில் இரு வல்லூறுத் தலைகளும் சேர்ந்து 210 கிராம், தொங்கல்கள் 90 கிராம். அதாவது மணிவேலை என்று நாங்கள் நினைத்திருந்த பொருளின் எடையில் பாதியளவு மணிகளே அல்ல.

இந்த இடத்தில்தான் வடிவமைப்பாளர் அருங்காட்சியகத்தின் பொருள் விவரக் குறிப்பை முழுமையாகப் படித்தார். அந்த அணியின் வல்லூறுத் தலைகளும் இலைத் தொங்கல்களும் முதலில் பொன் பூசிய சாந்தால் செய்யப்பட்டவை. இன்று நாம் காண்பவை பொன்முலாம் பூசிய வெள்ளியில் பிற்காலத்தில் மீளமைக்கப்பட்டவை. ஆகவே ஒளிப்படத்தைப் பார்த்து உலோகம் என்று முடிவுசெய்தபோது, நாங்கள் பின்பற்றியது பழைய கைவினைஞரை அன்று, மீளமைப்பாளரை. உலர்ந்த ஜிப்சச் சாந்தைவிடப் பித்தளை ஏழெட்டு மடங்கு அடர்த்தியானது என்பதால், அதே அளவில் வார்த்த தலை அத்தனை மடங்கு கனத்துவிடும்.

சாந்தால் செய்த முனை, உயிரோடு இருப்பவர் நாள்தோறும் அணிந்து கழற்றும் நகைக்கு ஏற்றதன்று. எகிப்தியக் கல்லறைகளில் கிடைக்கும் அணிகளில், வாழ்ந்தபோது அணிந்தவையும் அடக்கத்துக்கென்றே செய்தவையும் கலந்தே கிடைக்கின்றன. செனெப்திசியின் கல்லறை குறித்து 1916இல் அகழாய்வாளர்கள் மேஸும் வின்லாக்கும் வெளியிட்ட அறிக்கை இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பேசுகிறது. அசைவற்றுப் படுத்திருக்கும் உடலின் மேல் வைக்கப்படும் அணிக்குச் சரிவு இல்லை, மூச்சு இல்லை, வணக்கம் இல்லை. வாழ்வோர் அணிந்த கனமான கழுத்தணிகளிலோ, முதுகுப்புறம் தொங்கும் எதிரெடை ஒன்று முன்பக்கத்தின் இழுப்பைச் சமன்செய்யும். எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கழுத்துப் பதக்கங்கள் சிலவற்றில் அத்தகைய எதிரெடைகளை அப்படியே காணலாம். எங்கள் மாதிரி ஒளிப்படத்தில் எதிரெடை இல்லாததால் அணியிலும் அது இல்லை.

ஓரம் அலைபாய்ந்ததற்குக் காரணம் வடிவக் கணக்கு. தட்டையான அரைவட்டத்தில், அகலம் ஒவ்வொரு செ.மீ. கூடும்போதும் வெளி ஓரத்தின் நீளம் 3.14 செ.மீ. கூட வேண்டும். கைவினைஞர் ஒளிப்படத்தை அளந்து சரியாக அப்படித்தான் செய்திருந்தார். ஆனால் மனிதத் தோள் தட்டையன்று. கழுத்திலிருந்து கீழ்நோக்கிச் சாய்வது. சாய்வு 30 பாகை என்று கொண்டால் அந்தக் கூடுதல் 2.7 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். 14 செ.மீ. அகலத்தில் இந்தச் சிறு வேறுபாடு ஏறத்தாழ 6 செ.மீ. ஆகப் பெருகுகிறது. எழுந்து நின்ற அலைகள் அந்த 6 செ.மீ.தான். அருங்காட்சியகப் பெட்டியில் தட்டையாகப் படுக்கவைத்து எடுத்த ஒளிப்படம் இதைச் சொல்லாது.

நூல் அறுந்த காரணம் எளிது. கண்ணாடிக் குழல்மணிகள் நீண்ட குழலிலிருந்து வெட்டியெடுக்கப்படுபவை. வெட்டிய விளிம்பு கூர்மையானது. ஒவ்வோர் அசைவிலும் அது நூலை அறுத்துக்கொண்டே இருக்கும். இது மணி கோப்பவர் அனைவரும் அறிந்த செய்தி. மாலையில் தனித்தனியே தொங்கும் குழல்மணிகளில் அந்தத் தேய்மானம் தெரிய நாளாகும். இறுக்கமாக நெடுக்கில் நிற்கும் வரிசைகளில் விரைவில் தெரிந்துவிட்டது.

பழைய மணிகள் பற்றிய இடைப்பேச்சு

இந்நிலையில், மணி விற்பவர் ஒருவர் தம்மிடம் கல்லறைகளிலிருந்து வந்த பழைய ஃபையான்ஸ் மணிகள் இருப்பதாகவும், அவற்றைச் சேர்த்தால் அணிக்கு உண்மைத்தன்மை கூடும் என்றும் சொன்னார். கைவினைஞர் உடனே மறுத்தார். எகிப்தின் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடைசெய்கிறது. அந்த மணிகள் உண்மையானவையாக இருந்தால் வாங்குவது குற்றம், போலியானவையாக இருந்தால் ஏமாற்று. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு காரணத்தை நான் சேர்ப்பேன். மணியின் மதிப்பு அது கிடந்த வரிசையில்தான் இருக்கிறது. துட்டன்காமுனின் கல்லறையில் நூல் மக்கிப்போன மணிவேலைகளைத் தொட்டால் சிதறிவிடும் என்பதால், அதை அகழ்ந்த கார்ட்டரும் அவருடன் பணியாற்றிய மேஸும் உருக்கிய மெழுகை ஊற்றி மணிகளை அவை இருந்த நிலையிலேயே பிடித்து நிறுத்தினார்கள். வரிசை தொலைந்து பையில் குவிந்த மணி எத்தனை பழையதாயினும் எதையும் சொல்லாது.

எடுத்த முடிவுகள்

மாதிரியைக் கைவிடாமல், உயிருள்ள உடலுக்கு ஏற்ப அதை மாற்றுவது என்று முடிவாயிற்று.

முனைத் துண்டுகளைச் சாந்திலேயே செய்யலாம் என்று வடிவமைப்பாளர் விரும்பினார். அதுவே மூலத்துக்கு நேர்மையானது என்பது அவர் வாதம். உடைமாற்றும் அறையில் ஒருமுறை கைதவறினால் அது உடைந்துவிடும் என்று கைவினைஞர் மறுத்தார். இறுதியில் இலகுவான மரத்தில் தலைகளைச் செதுக்கி, மேலே மெல்லிய சாந்துப் பூச்சிட்டு, பொன்னிறத் தகடு ஒட்டினார்கள். மரத்தின் மேல் சாந்திட்டுப் பொன் ஏற்றுவது எகிப்தியருக்கும் பழகிய முறையே. இரண்டு தலைகளும் சேர்ந்து 40 கிராமுக்குள் அடங்கின. தொங்கல்கள் மெல்லிய பித்தளைத் தகட்டிலிருந்து வெட்டப்பட்டன.

எதிரெடையை வைப்பதில் நீண்ட விவாதம் நடந்தது. எடையைக் குறைக்கத்தானே இவ்வளவும் செய்கிறோம், பிறகு ஏன் 90 கிராமை முதுகில் தொங்கவிட வேண்டும் என்பது வடிவமைப்பாளரின் கேள்வி. பொய்முடிக்குள் அது மறைந்தும்விடும் என்றார் அவர். கைவினைஞர் சொற்களால் விடை சொல்லவில்லை. துணியால் ஒரு மாதிரி தைத்து, அதில் மணிகளின் எடைக்கு ஈடாக மணலை வைத்து, எதிரெடையுடன் ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் பாடகியை வணங்கச் சொன்னார். எதிரெடை உள்ளபோது துணி நகரவில்லை. அதன்பின் அது தாமரை வடிவில், முதுகுத் தண்டின் மேல் தொங்குமாறு அமைந்தது.

அதே துணி மாதிரியைப் பாடகி முழு மூச்சை இழுத்து நிறுத்தியிருந்த நிலையில் அவர் மேலேயே குத்தூசிகளால் பொருத்தி, மிகையான துணியை மடித்து, ஒவ்வொரு வரிசையின் நீளமும் குறிக்கப்பட்டது. தோள்களின் மேல் குறைக்க வேண்டிய அளவும் மார்பின் நடுவில் குறைக்க வேண்டிய அளவும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. 30 பாகை என்ற கணக்கு காரணத்தை விளக்கியதே தவிர, வெட்டுவதற்குப் பயன்படவில்லை. உட்புற இழையின் பின்முனையில், வெளியே தெரியாதபடி ஒரு சிறு மீள்நாடாத் துண்டும் சேர்க்கப்பட்டது.

நூல் குறித்துத்தான் கருத்து வேறுபாடு கடைசிவரை தீரவில்லை. பழைய அணிகள் லினன் நூலில் கோக்கப்பட்டவை என்பதால் லினனே வேண்டும் என்று வடிவமைப்பாளர் சொன்னார். தேன்மெழுகு தடவிய லினன் நூலையும், மீன்பிடித் தொழிலுக்கெனப் பின்னப்படும் பாலிஎத்திலீன் நூலையும் குழல்மணியின் விளிம்பில் தேய்த்துப் பார்த்ததில் லினன் வெகு விரைவில் இற்றது. எனவே உள்ளே பாலிஎத்திலீன் நூலும், பிடரியில் கண்ணுக்குத் தெரியும் கட்டு மட்டும் லினனிலும் என்று முடிவானது. ஒவ்வொரு குழல்மணியின் இரு முனையிலும் ஓர் உருண்டைச் சிறுமணி வைத்து, நூல் வெட்டு விளிம்பைத் தொடாமல் செய்தார்கள். ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே முடிச்சிடப்பட்டது. ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

ஃபையான்ஸ் செய்வித்த அனுபவம்

விளக்கொளியில் கண்ணாடி மணிகள் கண்ணைக் கூசச் செய்ததால், மேல் இரண்டு வரிசைகளை மட்டும் ஃபையான்ஸில் செய்யத் தீர்மானித்தார்கள். ஃபையான்ஸ் களிமண் அன்று. பொடித்த குவார்ட்ஸ் மணலோடு சிறிது சுண்ணாம்பும், நேட்ரான் (இயற்கையில் கிடைக்கும் சோடா உப்பு) போன்ற காரமும், நீலப்பச்சை நிறத்துக்குச் செம்புச் சேர்மமும் கலந்து நீரில் பிசைவது. பிசைந்த கலவை உலரும்போது காரமும் செம்பும் மேற்பரப்புக்கு உப்பாகப் பூத்து வரும். சூளையில் அந்தப் பூப்பே உருகிக் கண்ணாடிப் பூச்சாகிறது. மேற்பூச்சு தனியாகத் தேவையில்லை என்பது இதன் அழகு. உலர்கின்ற மணியைக் கையால் தொட்டால் பூப்பு உதிர்ந்து அந்த இடம் வெளிறிப்போகும் என்பது இதன் தொல்லை.

கலவைக்கு இழுபடும் தன்மை குறைவு. கம்பியில் உருட்டிச் செய்த முதல் மணிகள், கம்பியை உருவும்போது விரிசல் விட்டன. வைக்கோல் தண்டின் மேல் உருட்டித் தண்டோடு சேர்த்தே சுட்டபோது, தண்டு எரிந்துபோய் நேரான துளை நின்றது. சூளை சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கப்பட்டது. ஒரே சூளையில் ஒரே நேரத்தில் சுட்ட மணிகளும் நிறத்தில் ஒன்றுபோல் வரவில்லை. சில டர்க்காய்ஸ் நீலம், சில பச்சை, சில சாம்பல் கலந்த வெளிர்நீலம். வடிவமைப்பாளர் முதலில் இதைக் குறை என்றார். மேடையில் அந்த வேறுபாடே வரிசைக்கு உயிர் கொடுத்தது என்பது என் கருத்து.

நீளத்தில் வந்த வேறுபாடுதான் வேலையைக் கூட்டியது. நெடுக்காக நிற்கும் வரிசையில் ஒரு மணி சற்றே நீண்டிருந்தால் அடுத்த இழை அங்கே மேடிட்டுவிடும். உதவியாளர்களில் ஒருவர் முழு நேரமும் மணிகளை நீளம் பார்த்துப் பிரிப்பவரானார், மற்றவர் துளை விளிம்புகளைத் தேய்த்து மழுக்கினார், கைவினைஞர் கோத்தார். பண்டைய எகிப்திய நகரான தீப்ஸில், அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை ஓவியங்களில் வில்துளைப்பான் கொண்டு மணி துளைப்பவர் ஒருபுறமும் கோப்பவர் மறுபுறமுமாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள். அந்த வேலைப் பிரிவு எவ்வளவு நடைமுறையானது என்பது இங்கே புரிந்தது. கோப்பவரே மணியைத் தேடித் தேர்ந்தெடுத்துக் கொண்டிருந்தால் இழையின் இறுக்கம் ஒரே சீராக நில்லாது.

மேடையில் நடந்தவை

இரண்டாவது கழுத்தணி எதிரெடையையும் சேர்த்து 430 கிராம். பாடகி வணங்கியபோதும் மண்டியிட்டபோதும் அது இடம்பெயரவில்லை. மூச்சுக்குத் தடை என்ற புகார் மீண்டும் வரவில்லை. நிகழ்ச்சிகள் நடந்த காலத்தில் மூன்றாம் வரிசை ஒருமுறை அறுந்தது. தனி முடிச்சுகள் இருந்ததால் அந்த வரிசையின் மணிகள் மட்டுமே விழுந்தன, பாடகி கையால் மறைத்துக்கொண்டு காட்சியை முடித்தார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பொய்முடிச் சடைகளின் நுனியில் கோத்திருந்த உலோக வளையங்கள் தோள்பட்டையில் இருந்த ஃபையான்ஸ் மணிகளை அடித்து அடித்துச் சில்லு பெயர்த்தன. சடையைச் செய்தவரும் கழுத்தணியைச் செய்தவரும் ஒருவரையொருவர் அதுவரை சந்தித்ததே இல்லை. பாடகி இடக்கையை உயர்த்தும் ஒரு காட்சியில் அந்தப் பக்கத்து ஓரம் கடைசிவரை எழுந்துதான் நின்றது.

செலவும் ஒரு பிரச்சினையாயிற்று. இரண்டாவது அணிக்குப் பொருள்செலவு குறைவு, ஏனெனில் கண்ணாடி மணிகளில் பெரும்பகுதி முதல் அணியைப் பிரித்து எடுத்தவை. கூலியோ இரு மடங்குக்கும் மேல். முதல் அணி கேட்டபடியே செய்து கொடுக்கப்பட்டது என்பதால் அதன் கூலியை முழுவதும் தர வேண்டும் என்று கைவினைஞர் வாதிட்டார். ஒப்பந்தக் கடிதத்தில் பயன்பாட்டு நிபந்தனைகள் எவையும் இல்லாததால் குழுவினரால் அதை மறுக்க முடியவில்லை. பித்தளைத் தலைகளின் வார்ப்புச் செலவைக் குழுவே ஏற்றது. இது நியாயமான தீர்வு என்றே கருதுகிறேன்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஒப்பந்தக் கடிதத்தில் அணியின் தோற்றத்துக்கு முன்னதாக அதன் பயன்பாடு எழுதப்பட வேண்டும்: எவ்வளவு நேரம் அணிவது, எந்தெந்த அசைவுகள், மேலே என்ன பொய்முடி, அடியில் என்ன துணி, அதிகபட்ச எடை எவ்வளவு. மாதிரியாக எடுக்கும் தொல்பொருளின் விவரக் குறிப்பில் எது மூலம், எது மீளமைப்பு என்பதை வடிவமைப்பாளர் முதலில் பிரித்துக் காட்ட வேண்டும். இது வெறும் ஆய்வாளர் வேலை என்று தள்ளத் தக்கதன்று, எடையும் கூலியும் அதைச் சார்ந்தே நின்றன.

மணல் வைத்த துணி மாதிரி, மணி வாங்குவதற்கு முன்பே தைக்கப்பட வேண்டும். கையை உயர்த்தும் நிலையிலும் அதைச் சோதித்திருந்தால் இடப்பக்க ஓரம் எழுவது முன்னரே தெரிந்திருக்கும். தோள் மடியும் இடத்தில் அணியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இடையே இழைகளால் மட்டும் இணைத்துப் பார்க்கலாம் என்பது கைவினைஞரின் யோசனை. அது இன்னும் செய்து பார்க்கப்படவில்லை.

ஃபையான்ஸைத் தோளில் வைக்காமல் மார்பின் நடுப்பகுதிக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. ஒரே சூளையில் சுட்ட உபரி மணிகளை நீள வாரியாகப் பிரித்து, பழுதுபார்ப்புக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். இம்முறை உடைந்த மணிகளுக்குப் பதிலாகப் பிற்பாடு சுட்டவை நிறம் பொருந்தாமல், கண்ணாடி மணிகளுக்கு வண்ணம் தீட்டி நிரப்ப நேர்ந்தது. எந்த இழை எந்தத் துளையில் நுழைந்து எங்கே முடிகிறது என்ற வரைபடத்தையும் அணியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். கைவினைஞர் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அறுந்த மூன்றாம் வரிசையை உதவியாளர்களே மீண்டும் கோத்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது அவர் பென்சிலால் ஒரு தாளில் கிறுக்கி வைத்திருந்த படம் ஒன்றுதான்.